தோல் சீட்டும் சுங்கை சிப்புட் மழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் லயத்திலிருந்து கிளம்பி, கேரியரில் பால் தோம்பைக் கட்டிக்கொண்டு, செம்மண் சாலையில் ராலி சைக்கிளை மிதித்துப் போவார். அதன் தோல் சீட் அவரிடம் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. என் கைக்கு வந்து இரண்டு மாதத்தில் அதை நான் கெடுத்தேன். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அதில் சிலர் சில நூறு வெள்ளி கொடுத்து புரூக்ஸ் தோல் சீட் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஓட்டி முடித்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் கேள்வி எல்லாம் மழையைப் பற்றித்தான். ஒவ்வொரு வாரமும் அதே பதிலைச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

சீட் நேற்று மழையில் நனைஞ்சிடுச்சு அண்ணே. அவ்வளவுதானா, போச்சா?

போகாது. தண்ணீரே படாத தோல் சீட் உலகத்தில் கிடையாது. அதைச் செய்வதே தண்ணீரில்தான்.

சப்பாத்துக்கும் சோபாவுக்கும் போடும் மெல்லிய தோல் வேறு, இது வேறு. இது ஏறக்குறைய 5 மி.மீ. தடிப்புள்ள மாட்டுத் தோல். மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்பில் பதனிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்களே, அந்த வகை. இதை ஊறவைத்தால் களிமண் மாதிரி வளைந்து கொடுக்கும். அச்சில் வைத்து அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். புரூக்ஸ் கம்பெனி 1866-ல் இங்கிலாந்தில் குதிரைச் சேணம், வார் செய்யத்தான் தொடங்கியது. 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். சேணத் தொழிலில் கற்ற கைப்பழக்கம்தான் சீட்டுக்கும் வந்தது.

ஊறினால் வளையும் அந்தக் குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. தோல் சீட்டுக்கு அடியில் பஞ்சோ பிளாஸ்டிக் தட்டோ கிடையாது. பின்னால் ஒரு இரும்பு வளைவு, முன்னால் ஒரு மூக்கு, இரண்டுக்கும் நடுவில் தோல் தூளி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறது. ஊறிப்போன தூளியில் எண்பது கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? உங்கள் இடுப்பே அச்சாகிவிடும். தோல் இழுபட்டுத் தொங்கி, காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். இன்னொன்று, ஒவ்வொரு முறை ஊறும்போதும் தோலுக்குள் இருக்கும் துவர்ப்பும் கொழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகின்றன. ஒரு மழையில் தெரியாது. நூறு மழையை அலட்சியம் செய்தால் தோல் பலகை மாதிரி ஆகி வெடிக்கும்.

இங்கிலாந்திலும் மழைதானே? அவங்க சொல்றபடியே செஞ்சா போதாதா?

பாதிக்குப் போதும். மீதிப் பாதியில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

அங்கே மழை குளிர் மழை, தூறல். ஆனால் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் கணப்புச் சூட்டில் காற்று வறண்டு கிடக்கும். ஒரு இரவில் சீட் காய்ந்துவிடும். நமக்கு, குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருட்டி ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். பக்கத்தில் இருக்கும் தைப்பிங் மழைக்குப் பெயர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். மழை விட்ட பிறகும் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும், ராத்திரியில் இன்னும் ஏறும். துணியே இரண்டு நாள் காயாத ஊரில் 5 மி.மீ. தோல் ஒரு ராத்திரியில் எப்படிக் காயும்?

நமக்கு எதிரி மழை இல்லை, காய விடாத காற்று. ஆகவே அவர்கள் சொல்வதைவிட நாம் தோலுக்குப் போடும் மெழுகுக் களிம்பைக் குறைத்துப் பூசவேண்டும், காற்றோட்டத்தைக் கூட்டவேண்டும், காய்வதற்கு அதிக நாள் கொடுக்கவேண்டும்.

மழை வந்தா உடனே பிளாஸ்டிக் பை போட்டு மூடிடுறேன். அப்படியும் சீட் ஊறிப்போகுதே?

மேலே மூடினீர்கள். தண்ணீர் கீழேயிருந்து வருகிறது.

தோலின் மேல்பக்கம் வழவழப்பாக, மெழுகேறி இருக்கும். மழைத்துளி விழுந்தால் கொஞ்ச நேரம் உருண்டு ஓடும். அடிப்பக்கம் அப்படியில்லை. அது தோலின் சதைப்பக்கம், மயிர்க்கம்பளி மாதிரி சொரசொரவென்று இருக்கும், தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். பின்சக்கரம் சாலையில் கிடக்கும் தண்ணீரை வாரி நேராக அங்கேதான் அடிக்கிறது. அது வெறும் தண்ணீராகவும் இருக்காது. செம்பனை லோரி போன சாலையில் சேறு, எண்ணெய்ப் பிசுக்கு, மணல் எல்லாம் கலந்திருக்கும். மணல் தோல் நாருக்குள் புகுந்து அரம் போல அராவும்.

சந்தேகம் இருந்தால் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு பழைய நாளிதழ்த் தாளைக் கட்டிவிட்டு, மழை விட்ட சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். இறங்கி அந்தத் தாளைப் பாருங்கள். என் பேச்சை நம்பவே வேண்டாம்.

மருந்து ஒன்றுதான், முழு நீள மட்கார்ட். அந்தக் கால ராலி, ரட்ஜ், ஹெர்குலிஸ் சைக்கிள்களில் அது கூடவே வந்தது. சேறு நிறைந்த தோட்டச் சாலையில் அப்பாவின் சீட் அத்தனை வருடம் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போதைய மலைச் சைக்கிளில் அழகு கெடும் என்று மட்கார்ட் போடுவதில்லை. போடப் பிடிக்கவில்லை என்றால், சீட்டுக்கு அடியில் இருக்கும் இரு கம்பிகளுக்கு இடையில் செருகும் குட்டை பிளாஸ்டிக் தட்டு கிடைக்கும். அதையாவது மாட்டுங்கள். பின்கேரியரில் ஒரு பலகையோ பையோ இருந்தாலும் பாதித் தண்ணீரைத் தடுக்கும். அப்பா மட்கார்ட் போதாதென்று, புகைபோட்டுக் காயவைத்த ஒட்டு ரப்பர் ஷீட்டில் கையகலம் வெட்டி, சீட்டின் பின்பக்கம் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். சின்ன வயதில் அது என்னத்துக்கு என்று எனக்குப் புரியவில்லை.

மூடுகிற பிளாஸ்டிக் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகும் அரை மணி நேரத்துக்குப் பை நல்லது. குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பி இன்னும் பொருத்தமாக உட்காரும், மடித்துச் சட்டைப் பையில் வைக்கலாம். ஆனால் நனைந்த சீட்டை மூடாதீர்கள், ராத்திரி முழுக்க மூடியும் வைக்காதீர்கள். உள்ளே வியர்த்து, வேகவைத்த மாதிரி ஆகிவிடும். அடுத்த நாள் பூசணம் பூத்திருக்கும்.

நல்லா ஊறிப்போச்சு. இப்போ என்ன செய்யணும், வரிசையா சொல்லுங்க.

முதலில், அதன் மேல் உட்காராதீர்கள். வீடு பக்கம் என்றால் தள்ளிக்கொண்டு வாருங்கள். தூரம் என்றால் நின்று மிதியுங்கள், அல்லது மழை விடும்வரை எங்கேயாவது ஒதுங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சேறு இருந்தால் ஈரத் துணியால் மெல்லத் துடையுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. பிறகு காய்ந்த துணியால் ஒற்றுங்கள். தேய்க்கவேண்டாம். இரண்டு பக்கச் செவியும், அதாவது பக்கவாட்டில் கீழே இறங்கும் தோலும், வெளியே விரிந்திருந்தால், உள்ளங்கைகளால் உள்ளே அமுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். தோல் ஈரமாக இருக்கும் இந்த நேரத்தில்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கும். அகலமான துணிப்பட்டையைச் சுற்றி லேசாகக் கட்டிவைத்தாலும் சரி. அடியில் நாளிதழ்த் தாளைக் கசக்கி அடையுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றுங்கள்.

அதன் பிறகு நிழலில் வைத்துக் காற்றாடியைத் திருப்பி விடுங்கள். சீட்டைக் கழற்றித் தலைகீழாக வைத்தால் நல்லது, அடிப்பக்கத்துக்குத்தான் காற்று தேவை. கழற்றச் சோம்பலாக இருந்தால் சைக்கிளையே கவிழ்த்து நிறுத்துங்கள். நம் ஊரில் இரண்டு நாள் கணக்கு வையுங்கள், மழை அடைத்துக்கொண்டிருந்தால் மூன்று. தொட்டால் காய்ந்தது போலத்தான் தெரியும், நம்பாதீர்கள். அடிப்பக்கத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். (என் பெண்டாட்டி இதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சிரித்தாள். ஆனால் கைவிரலைவிட உதடு துல்லியம்.)

கடைசியாக, உள்ளேயும் முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லிய படலமாகக் களிம்பு. ஒரு ராத்திரி விட்டு, பழைய துணியால் மினுமினுப்பு வரும்வரை துடைத்து எடுத்துவிடுங்கள்.

வெயில்ல வெச்சா சீக்கிரம் காய்ஞ்சிடுமே?

காயும். அப்பளமும் காயும்.

நான் கெடுத்த கதை இதுதான். சீட் ஊறிவிட்டது, மறுநாள் சுள்ளென்று வெயில். கழற்றிக் குளியலறையின் ஜிங்க் கூரை மேல் வைத்தேன். மத்தியானம் எடுத்தபோது ஓரங்கள் சுருண்டு, நடுவில் மேடு தட்டி, பின்பக்க ரிவெட்டுகளைச் சுற்றி மயிரிழை அளவுக்கு விரிசல். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சீட்டா, கருவாடாடா?” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

தோலுக்குள் இருப்பது கொலாஜன் என்ற புரத நார். காய்ந்த தோல் சூட்டைக் கொஞ்சம் தாங்கும். ஈரத்தோடு சூடு சேர்ந்தால்தான் நார் சுருங்கும், ஒரு தடவை சுருங்கியது திரும்ப நீளாது. வெயிலில் கிடக்கும் ஜிங்க் தகரம் கை வைக்க முடியாத அளவுக்குக் காயும். அதன் மேல் ஈரத் தோலை வைத்தது என் புத்தி. முடி உலர்த்தும் கருவி, அடுப்படி, ஓடி முடித்த மோட்டார் எஞ்சின் பக்கம், கண்ணாடி ஏற்றிய காடிக்குள் பின்சீட், எல்லாம் இதே ரகம்தான்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? பாட்டி எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்வாங்க.

பாட்டி தலைக்குச் சொன்னது. சீட்டுக்கு வேண்டாம்.

காரணம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகிவிடும். நம் ஊரில் அது எப்போதும் தண்ணீர்தான். தோலுக்குள் சரசரவென்று இறங்கி நாருக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு அதை இளக்கும். கைப்பையோ செருப்போ இளகினால் சுகம். தூளி மாதிரி இழுத்துக் கட்டிய சீட் இளகினால் தொங்கிவிடும், அப்புறம் எந்த போல்ட்டை முறுக்கியும் பயனில்லை. அதோடு எண்ணெய் வழிந்து கால்சட்டையில் இறங்கும், நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். செம்பனை எண்ணெய், சமையல் எண்ணெய், எஞ்சின் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில். வெளிநாட்டில் மாட்டுக் குளம்பெண்ணெய் என்று ஒன்று விற்கிறார்கள். குதிரைச் சேணத்துக்கு நல்லது, சீட்டை அதுவும் மிதமிஞ்சி இளக்கும்.

தண்ணீரைத் தடுக்க வேண்டியது மெழுகு. தேன்மெழுகு உருக 62 பாகைக்கு மேல் வேண்டும், வெயிலில் நின்றாலும் இடத்தை விட்டு நகராது. மெழுகு நிறையவும் கொழுப்பு குறைவாகவும் இருக்கும் களிம்புதான் சரி. சப்பாத்துக்குப் போடும் கிவி போன்ற பாலிஷில் மெழுகு இருக்கிறது, ஆனால் சாயமும் இருக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் சாயம் யார் மேல் என்று நான் சொல்லத் தேவையில்லை. சோபாவுக்கு விற்கும் கிரீமும் வேண்டாம், அது குரோம் உப்பில் பதனிட்ட மெல்லிய தோலுக்கானது.

புரூக்ஸ் டப்பாவில் மாட்டுக் கொழுப்பு இருக்காமே? நாங்க தொட மாட்டோம்.

உண்மைதான். புரூஃபைட் என்ற அவர்களுடைய களிம்பில் மாட்டுக் கொழுப்பு, மீனெண்ணெய், தாவர எண்ணெய், மெழுகு வகைகள், கொஞ்சம் சிட்ரோனெல்லா எண்ணெய் கலந்திருக்கும். திறந்தால் செராய் (எலுமிச்சைப் புல்) வாசம் வருவது அந்தக் கடைசிச் சரக்கால்தான்.

தொட மாட்டேன் என்றால் தேன்மெழுகை முதலாகக் கொண்ட தோல் களிம்புகள் உண்டு. ஸ்னோ சீல் அப்படி ஒன்று, மலையேறுகிறவர்கள் சப்பாத்துக்குப் பூசுவது. அது மெழுகு கூடின சரக்கு, துளி போதும். கொழுப்பு வேண்டாம் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பதும் மாட்டுத் தோல்தான் என்பதைக் கேட்டவர்களிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவைப்பேன். ஒருவர் அன்றே சீட்டை விற்றுவிட்டார். நான்தான் வாங்கினேன்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பூசணும்?

புது சீட் என்றால் முதல் தடவை அடிப்பக்கத்துக்குத் தாராளமாக, மேல்பக்கத்துக்கு மெல்லியதாக. அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை மேல்பக்கம், ஒரு தடவை அடிப்பக்கம். நன்றாக ஊறிக் காய்ந்தால் கூட ஒன்று. அவ்வளவே.

மாதா மாதம் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்கிறார்கள், சீட் பிள்ளையார் சிலை மாதிரி பளபளக்கும். ஆறு மாதத்தில் நடுவில் குழி விழும்.

நான் வருடாந்தரப் பூச்சை ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்வேன். அப்போதுதான் இங்கே காற்றில் ஈரம் கொஞ்சம் குறையும். சீட்டை நன்றாகக் காயவைத்துப் பூசினால் மெழுகு பிடிக்கும். உள்ளே ஈரம் இருக்கும்போது பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

சீட் மேல வெள்ளையா பூத்திருக்கு. பூசணமா, மெழுகா?

விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு மறைந்தால் களிம்பிலிருந்த கொழுப்பு மேலே வந்து உறைந்தது. துணியால் துடைத்தால் போதும். பஞ்சு மாதிரி எழும்பி, மண் வாடையோ பழைய அலமாரி வாடையோ வந்தால் பூசணம்.

பூசணத்துக்கு நம் காற்று விருந்து. ஈரம் 70 விழுக்காட்டைத் தாண்டினாலே அது வளர ஆரம்பிக்கும், நமக்கு அது வருடம் முழுக்கத் தாண்டித்தான் இருக்கிறது. கொழுப்பு பூசிய தோல் அதற்குச் சோறும் குழம்பும் மாதிரி.

துடைக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பொடியை மூக்கில் ஏற்றவேண்டாம். முதலில் காய்ந்த துணி, அதை எறிந்துவிடுங்கள். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். மேல், அடி, ரிவெட் சந்து எல்லாம். நிழலில் ஒரு நாள் காற்றாடி. பிறகுதான் களிம்பு, அதுவும் ஒட்டியும் ஒட்டாமலும். பிளீச் கிட்டேயே போகக்கூடாது.

திரும்பத் திரும்பப் பூத்தால் கோளாறு சீட்டில் இல்லை, நீங்கள் சைக்கிளை வைக்கும் இடத்தில். படிக்கட்டுக்கு அடியில், கதவு மூடிய ஸ்டோரில், சிமெண்டுச் சுவரை ஒட்டி வைத்தால் பூக்கத்தான் செய்யும். காற்று நடமாடும் இடத்துக்கு மாற்றுங்கள். வாரம் ஒரு தடவை ஓட்டுங்கள். ஓட்டுகிற சீட்டில் பூசணம் பிடிப்பதில்லை, உங்கள் கால்சட்டையே துடைத்துவிடும்.

மூக்குல இருக்கிற போல்ட்டை முறுக்கினா தொங்கினது சரியாயிடும்னு சொன்னாங்க.

தோல் முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும், கால் சுற்று மட்டும், அதற்கென்று வரும் ஸ்பேனரில். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று.

ஈரத்தில் முறுக்குவதுதான் பெரிய பாவம். நனைந்த தோல் தளர்ந்திருக்கும். பதறிப்போய் நான்கு சுற்று முறுக்குவீர்கள். அது காயும்போது தானாகவும் சுருங்கும். இரண்டு இழுப்பும் சேர்ந்து ரிவெட் ஓட்டையில் கிழிக்கும். பட்டணத்தில் ஒரு கடையில் சர்வீஸுக்கு விட்ட என் சீட்டுக்கு இதுதான் நடந்தது. அழுத்தமான தண்ணீர்க் குழாயால் சைக்கிளை முழுக்கக் கழுவி, சீட் தொங்குகிறதே என்று அங்கேயே முறுக்கியும் கொடுத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பையன்களுக்குத் தோல் சீட் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அன்றிலிருந்து சர்வீஸுக்கு விடுமுன் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறேன்.

போல்ட் வழி தீர்ந்துவிட்டால், இரண்டு செவியிலும் கீழ் ஓரமாக ஓட்டை போட்டு, சப்பாத்துக் கயிற்றால் அடிவயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி இழுக்கலாம். புரூக்ஸே சில சீட்டுகளை அப்படிக் கட்டித்தான் விற்கிறது. பார்க்க ரவிக்கை முடிச்சு மாதிரி இருக்கும், ஆனால் தொங்கின சீட்டுக்கு இன்னும் சில வருட ஆயுள் கிடைக்கும்.

தேன் நிறச் சீட்டில் ரிவெட்டைச் சுத்தி கறுப்பா படருது. அழுக்கா?

அழுக்கு இல்லை, மை. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதுவேதான். தோலில் துவர்ப்பு இருக்கிறது, கம்பியிலும் ஸ்பிரிங்கிலும் இரும்பு இருக்கிறது, மழை வந்து இரண்டையும் சேர்த்து வைத்தது. தேய்த்தால் போகாது. இரும்பு தொடும் இடங்களில் துரு பிடிக்காமல் துடைத்து, லேசாக மெழுகு பூசினால் மேலும் படராது. கறையைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் அடுத்த முறை கறுப்புச் சீட் வாங்குங்கள்.

புது சீட்டை நனைத்துக்கொண்டு வெள்ளை வேட்டியில் ஏறி உட்காராதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

ரப்பர் பால் சிந்திடுச்சு.

இன்னும் பால் வெட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி. ஈரமாக இருக்கும்போதே தண்ணீர்த் துணியால் துடைத்தால் வந்துவிடும். காய்ந்துவிட்டால் சுரண்டாதீர்கள், ஓரத்தைக் கிளப்பி ஒட்டுப்பால் மாதிரி உரித்தெடுங்கள். பெட்ரோல் ஊற்றினால் ரப்பரோடு மெழுகும் போய்விடும். பால் உறையவைக்க ஊற்றும் அசிட் பட்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சீட் ஊறினாலும் பரவாயில்லை, காயவைத்துக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை வரைக்கும் ஓட்டிப்போறோம். வழியில மழை பிடிச்சா?

போகவர அறுபது கிலோமீட்டர் இருக்குமா, ஒரு மழைக்காக யாத்திரையை நிறுத்தவேண்டாம். குளியல் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று, காய்ந்த துணி ஒன்று பையில் வையுங்கள். தூறலில் நீங்கள் சீட் மேல் இருக்கும்வரை நீங்களே குடை. இறங்கும்போதுதான் மூடவேண்டும். கொட்டினால் தொப்பியை மாட்டி அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டலாம், வழுக்கும், பழகிவிடும். கோவிலுக்கு வெளியே வெயிலில் மணிக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுத் துண்டைப் போட்டுப் போங்கள்.

இவ்வளவு தொல்லை எதுக்கு? மழைக்கு அசையாத சீட் இல்லையா?

இருக்கிறது. பஞ்சு வைத்த சாதாரணச் சீட் பத்து நிமிடத்தில் துடைத்து முடிந்துவிடும். தினமும் மழையில் வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் புத்திசாலித்தனம். இதைச் சொன்னால் தோல் சீட்காரர்கள் என்னை முறைக்கிறார்கள்.

புரூக்ஸே கேம்பியம் என்று ஒன்று செய்கிறது. தோலுக்குப் பதில் பதப்படுத்திய இயற்கை ரப்பர், மேலே பருத்தித் துணி. மழைக்குக் கவலையில்லை, களிம்பும் வேண்டாம். கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அது நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் ஊர் இது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பால் வெட்டியிருக்கிறது. ரப்பர் சீட்டை வெளிநாட்டு விலை கொடுத்து இங்கே வாங்கவேண்டியிருக்கிறதே என்று அப்பாவிடம் சொன்னேன். “நாம வெட்டினது எல்லாம் அங்கேதானே போச்சு” என்றார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆளைப் பழகவில்லை என்று இறங்கிவிட்டார். தோல் சீட் சில நூறு கிலோமீட்டரில் உட்காருகிறவரின் எலும்புக்குத் தக்கபடி குழிந்து கொடுக்கும். ரப்பர் யார் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரிதான்.

தாத்தாவோட சீட் பத்து வருசமா ஸ்டோர்ல கிடக்கு. உயிர் வருமா?

முதலில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், அங்கேதான் பாதிப் பேர் உடைக்கிறார்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரிவெட் ஓட்டைகளைச் சுற்றியும் மூக்குப் பக்கமும் வெடிப்பு இருந்தால், அல்லது மூக்கு போல்ட் முழுக்க வெளியே வந்துவிட்டிருந்தால், ஓட்டுகிற ஆசையை விடுங்கள். மேலே மட்டும் வறண்ட கீறல், நகம் உள்ளே இறங்கவில்லை என்றால் வாய்ப்பு உண்டு. பூசணத்தைத் துடைத்து, அடியிலும் மேலும் மெல்லியதாகக் களிம்பு பூசி ஒரு வாரம் விடுங்கள். மறுபடி ஒரு தடவை, இன்னொரு வாரம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் கொடுத்துத் திரும்ப எழுந்தால் பிழைத்தது. எலி கடித்த ஓரம் இருந்தால் ஆச்சரியப்படவேண்டாம், கொழுப்பு வாசத்துக்கு அது வரும். அந்தச் சீட்டை இனி ஆணியில் தொங்கவிடுங்கள்.

அப்பாவின் சீட் பிழைக்கவில்லை. ரிவெட்டுகளைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுத் தோல் போடலாம் என்று இரும்புச் சட்டத்தை மட்டும் எண்ணெய் துடைத்து வைத்திருக்கிறேன், இன்னும் கை வரவில்லை. அவர் தொங்கவிட்டிருந்த ரப்பர் ஷீட்டுத் துண்டை மட்டும் கழற்றி என் சீட்டின் பின்னால் கட்டியிருக்கிறேன். மழை நாளில் நனைந்தால் அதில் இன்னும் புகை வாசம் வருகிறது.